டேபிள் சா ஓட்டும்போது எம்.சி.பி. விழுகிறது: ஷெட்டுக்கு எப்படி லைன் இழுக்க வேண்டும்?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் வீடு. வீட்டுக்குப் பின்னால் 25 மீட்டர் தள்ளி ஒரு தகர ஷெட்டில் மர வேலை செய்கிறேன். இப்போது 10 இஞ்ச் பிளேடு போடும் டேபிள் சா வாங்கியிருக்கிறேன். 2 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார். ஷெட்டுக்கு 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரில் ஒரு லைன் வருகிறது, 15 ஆம்பியர் பிளக் இருக்கிறது. மெஷினைப் போட்டதும் சில சமயம் எம்.சி.பி. விழுந்துவிடுகிறது. எலக்ட்ரீஷியன் 32 ஆம்பியர் எம்.சி.பி. மாற்றினால் போதும் என்கிறார். மாற்றலாமா? த்ரீ பேஸ் வாங்க வேண்டியிருக்குமா?

பதில்:

மாற்ற வேண்டாம். அந்த 2.5 ஸ்கொயர் வயர் அப்படியே இருக்கும்வரை அதற்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. போடவே கூடாது. த்ரீ பேஸும் உங்களுக்குத் தேவையில்லை. உங்கள் பிரச்சினைக்கு வேறு வழி இருக்கிறது, அதுவும் பெரிய செலவில்லாத வழி.

எம்.சி.பி. காப்பாற்றுவது மெஷினை அல்ல, பைப்புக்குள் ஓடும் வயரை. 32 ஆம்பியர் எம்.சி.பி. வழியாக 36 ஆம்பியர் ஓடினால்கூட அது ஒரு மணி நேரம் விழாமல் நிற்கும். அதற்கான தர விதியே அப்படித்தான். ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும் என்பது 46 ஆம்பியர் அளவில்தான். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் பைப்புக்குள் போகும் 2.5 ஸ்கொயர் வயருக்கு 20 ஆம்பியரே அதிகம். நடுவில் இருக்கிற இடைவெளியைப் பாருங்கள். வயர் சூடாகி மேலுறை இளகும், எம்.சி.பி. சும்மா நிற்கும். கீழே மரத்தூள் குவிந்து கிடக்கிற இடத்தில் இந்த ஏற்பாட்டை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

சரி, அப்படியானால் ஏன் விழுகிறது?

2 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் முழு லோடில் 11 ஆம்பியர் சுமாருக்கு எடுக்கும். ஆனால் நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும் கணத்தில் அதைப்போல ஐந்தாறு மடங்கு, அதாவது 55, 65 ஆம்பியர் இழுக்கும். பிளேடு, புல்லி, பெல்ட் எல்லாம் வேகம் பிடிக்கும்வரை, ஒரு நொடியோ இரண்டு நொடியோ, இந்த இழுப்பு இருக்கும். இப்போது உங்கள் எம்.சி.பி.யின் முகப்பைப் பாருங்கள். ஆம்பியர் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும். பி16 என்று இருந்தால் அது எழுதிய அளவைப்போல 3 முதல் 5 மடங்குக்குள், அதாவது 48 முதல் 80 ஆம்பியருக்குள் எங்கேயோ ஓரிடத்தில் பட்டென்று விழும். விளக்கு, ஹீட்டர் மாதிரியான லோடுக்கு உள்ளது அது. சி16 என்றால் 5 முதல் 10 மடங்கு, 80 முதல் 160 ஆம்பியர். டி என்றால் 10 முதல் 20 மடங்கு. உங்கள் மோட்டாரின் 60 ஆம்பியர் சொச்சம், பி16-இன் விழும் எல்லைக்கு நடுவில் போய் உட்காருகிறது. அதனால்தான் சில சமயம் நிற்கிறது, சில சமயம் விழுகிறது. நீங்கள் சொல்லும் அறிகுறி இதற்கு அப்படியே பொருந்துகிறது. அதே 16 ஆம்பியரில் சி வகை போட்டால் வயரின் பாதுகாப்பும் குறையாது, மெஷினும் கிளம்பும்.

ஆனால் மாற்றுவதற்கு முன் எப்போது விழுகிறது என்று கவனியுங்கள். ஸ்விட்சைப் போட்ட கணமே பட்டென்று விழுந்தால் நான் மேலே சொன்னது. மோட்டார் உறுமிக்கொண்டே வேகம் பிடிக்காமல் நாலைந்து நொடி கழித்து விழுந்தால் கதை வேறு. ஒன்று ஸ்டார்ட்டிங் கெபாசிட்டர் வலுவிழந்திருக்கும், இல்லையென்றால் மோட்டாருக்குப் போதிய வோல்டேஜ் போய்ச் சேரவில்லை. கிளம்பும்போதெல்லாம் சரியாக இருந்து, தடித்த பலகையைப் பத்து இருபது நிமிடம் அறுத்த பிறகு விழுந்தால் அது உண்மையான ஓவர்லோடு. அப்போது எம்.சி.பி. தன் வேலையைத்தான் செய்கிறது. விழுவது எம்.சி.பி.யா, கசிவைக் கண்டு விழும் ஆர்.சி.சி.பி.யா என்பதையும் பாருங்கள். ஆர்.சி.சி.பி. விழுந்தால் எங்கோ கரண்ட் கசிகிறது என்று பொருள், அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அடுத்தது 25 மீட்டர் தூரம். பலரும் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. போக 25, வர 25, ஆக 50 மீட்டர் வயர். 2.5 ஸ்கொயர் செம்பு வயருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 8 ஓம் அளவு தடை உண்டு. 50 மீட்டருக்கு 0.4 ஓம். ஓடும்போது 11 ஆம்பியருக்கு 4 வோல்ட் சொச்சம்தான் இழப்பு, பரவாயில்லை. கிளம்பும்போது 60 ஆம்பியருக்கு 24 வோல்ட் போய்விடும். உங்கள் பக்கம் சாயங்காலம் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வீட்டிலேயே 215 வோல்ட்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்குக் கிடைப்பது 191. மோட்டாரின் திருப்புவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறையும். ஆகவே 230-இல் கிடைக்கும் விசையில் 70 சதவீதம்கூட மிஞ்சாது. இதே கணக்கு 4 ஸ்கொயரில் 15 வோல்ட் இழப்பு, 6 ஸ்கொயரில் 10 வோல்ட்.

விசை குறைந்தால் மெதுவாகக் கிளம்பும், அவ்வளவுதானே என்று விட முடியாது. சிங்கிள் பேஸ் மோட்டாருக்குள் கிளம்புவதற்கென்றே தனி வைண்டிங் ஒன்று இருக்கிறது. முக்கால்வாசி வேகம் வந்ததும் உள்ளேயிருக்கும் சென்ட்ரிஃபியூகல் ஸ்விட்ச் அதைக் கழற்றிவிடும். வேகமே வரவில்லை என்றால் ஸ்விட்ச் திறக்காது. சில நொடி வேலைக்குச் செய்த மெல்லிய வைண்டிங் தொடர்ந்து கரண்டைத் தாங்கி எரிந்துபோகும். கோயம்புத்தூர் வைண்டிங் கடைகளுக்கு வரும் சிங்கிள் பேஸ் மோட்டார்களில் இப்படிப் போனவை நிறைய.

அதனால் ஷெட்டுக்குப் புது லைன் இழுத்துவிடுங்கள் என்பதே என் யோசனை. இப்போது மெஷின் ஒன்றுதான், அடுத்து தூள் உறிஞ்சி வரும், பிளேனர் வரும். வீட்டு டி.பி.யிலிருந்து (எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டியிலிருந்து) 6 ஸ்கொயர் 3 கோர் செம்பு ஆர்மர்டு (இரும்புக் கவசம் சுற்றிய) கேபிள், அதற்கு வீட்டுப் பக்கத்தில் சி32 எம்.சி.பி. எலக்ட்ரீஷியன் சொன்ன அந்த 32 இங்கே சரிதான், கீழே தாங்கக்கூடிய கேபிள் இருக்கிறதே. கடையில் அலுமினிய ஆர்மர்டு எளிதாகக் கிடைக்கும். அதை எடுத்தால் 10 ஸ்கொயருக்குப் போக வேண்டும், நுனிகளில் அலுமினியத்துக்கு உரிய லக்கை (வயர் நுனியில் மாட்டும் உலோக முனையை) அழுத்தி கிரிம்ப் செய்ய வேண்டும். செம்பு வயரோடு முறுக்கி டேப் சுற்றுவது ஒரு வருடம்கூட ஒழுங்காக நிற்காது. கேபிளை முக்கால் மீட்டர் ஆழத்தில், அடியிலும் மேலேயும் மணல் போட்டு, அதன்மேல் செங்கல் வரிசை வைத்துப் புதையுங்கள். பின்னாளில் தென்னைக்குக் குழி வெட்டுகிறவரின் கடப்பாரை முதலில் செங்கல்லில் பட வேண்டும். ஆர்மரை கிளாண்டு (கேபிளின் கவசத்தைப் பெட்டியோடு இறுக்கும் உலோக வளையம்) போட்டு எர்த்தில் சேர்க்க மறக்காதீர்கள்.

பழைய எலக்ட்ரீஷியன்கள் இன்னும் 3/20, 7/20 என்று வயர் பேசுவார்கள். 3/20 என்பது 2 ஸ்கொயர் சுமார், 7/20 என்பது 4.5 ஸ்கொயருக்குக் கொஞ்சம் மேல். அவர் 7/20 என்று எழுதிக்கொடுத்தால் அது 6 ஸ்கொயர் ஆகாது.

ஷெட்டுக்குள் சின்னதாக ஒரு டி.பி. முதலில் டபுள் போல் ஐசொலேட்டர், அதாவது பேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே துண்டிக்கும் ஸ்விட்ச். டேபிள் சாவுக்கு 4 ஸ்கொயர் வயரில் சி20, மற்ற பிளக்குகளுக்கு 2.5-இல் சி16, விளக்குக்கு 1.5-இல் 6 ஆம்பியர். மெஷின் லைனுக்கும் பிளக் லைனுக்கும் தனித்தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.பி.ஓ. போட்டுவிட்டால் எம்.சி.பி.யும் கசிவுப் பாதுகாப்பும் ஒன்றிலேயே அடங்கிவிடும். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் மெஷினில் கசிவு வந்தால் மெஷின் மட்டும் நிற்கும், விளக்கு எரியும். கரண்டை நிறுத்தினாலும் பிளேடு சில நொடி சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் ஷெட் இருட்டாகிவிட்டால் கை எங்கே பிளேடு எங்கே என்று தெரியாது. ஊரே கரண்ட் போகும் நேரத்துக்காக மெஷினுக்கு மேலே ஒரு இன்வெர்ட்டர் பல்பும் மாட்டிவையுங்கள். பழைய சோக் டியூப்லைட் மட்டும் வேண்டாம். அது நொடிக்கு நூறு முறை மினுங்குவதால், சுற்றும் பிளேடு சில வேகங்களில் நின்றிருப்பதுபோலக் கண்ணுக்குத் தெரியும்.

ஆர்.சி.சி.பி. அல்லது ஆர்.சி.பி.ஓ. வேண்டுமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் ஈ.பி. கொடுப்பது பேஸும் நியூட்ரலும். எர்த் நாம் குழி தோண்டிப் போட்டது. அந்தக் குழியின் தடை 10 ஓம் என்றால், அது நல்ல எர்த் என்றே சொல்வார்கள். மோட்டாருக்குள் பேஸ் வயர் உரசி மெஷின் பாடியைத் தொட்டுவிட்டால் ஓடும் கரண்ட் எவ்வளவு? 230-ஐ 10-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். ட்ரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த்தின் தடையும் சேர்ந்தால் 20-க்குக் கீழே. சி16 எம்.சி.பி. அதற்கு விழாமல் ஒரு மணி நேரம்கூட நிற்கலாம். அவ்வளவு நேரமும் இரும்பு மேசையில் உயிரைக் குடிக்கும் வோல்டேஜ் நிற்கும், நீங்கள் அதன்மேல் இடுப்பைச் சாய்த்துப் பலகையைத் தள்ளிக்கொண்டிருப்பீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் கருவி ஒன்றுதான் இங்கே காப்பாற்றும். எர்த் சரியில்லை என்று பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. நியூட்ரல் எங்காவது அறுந்தால் மெஷின் பாடி முழுக்க பேஸ் ஆகிவிடும். அப்படிச் செய்பவரை வேலைக்கு வைக்காதீர்கள்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. டேபிள் சாவைச் சாதாரண பவர் ஸ்விட்சில் ஓட்டாதீர்கள். கரண்ட் போய் வருவது நமக்குப் பழகிப்போன விஷயம். பாதிப் பலகை அறுத்திருக்கும்போது கரண்ட் போகிறது, பிளேடு மரத்துக்குள்ளேயே நிற்கிறது. ஸ்விட்ச் ஆனில் இருக்கிறது. நீங்கள் பலகையைப் பின்னால் இழுக்கக் கை வைக்கிறீர்கள். கரண்ட் வருகிறது. மரத்தைக் கவ்வியபடி பிளேடு கிளம்பினால் பலகை உங்கள் வயிற்றை நோக்கிப் பாயும், கை அதோடு போகும். கரண்ட் போனதும் முதல் வேலையாக ஸ்விட்சை அணைப்பேன் என்று எல்லோரும் சொல்வார்கள். நூறு முறை அணைப்பார்கள், ஒரு முறை போன் அடித்திருக்கும்.

இதற்கு டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் போதும். பச்சைப் பட்டனை அழுத்தினால் உள்ளே காயில் காந்தமாகி கான்டாக்டரை (மோட்டாருக்குக் கரண்ட் விடும் ஸ்விட்சை) பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் காயில் விட்டுவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும் பச்சையை மறுபடி அழுத்தும்வரை மெஷின் அசையாது. கூடவே ஓவர்லோடு ரிலே இருப்பதால் மோட்டாருக்கும் பாதுகாப்பு. முன்னால் சொன்னேன் அல்லவா, எம்.சி.பி. மெஷினைக் காப்பாற்றாது என்று. அந்த வேலையை இந்த ரிலே செய்யும். வாங்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். கடைகளில் கையில் முதலில் கிடைப்பது த்ரீ பேஸ் ஸ்டார்ட்டராக இருக்கும், அதன் காயில் 415 வோல்ட். உங்களுக்கு 240 வோல்ட் காயில் வேண்டும். ரிலேயின் ரேஞ்ச் 11 ஆம்பியரை நடுவில் வைத்திருக்க வேண்டும். ரிலேயில் மூன்று வழி இருந்தால், சிங்கிள் பேஸ் லைனை மூன்றின் வழியாகவும் தொடராக ஓட்டி இணைக்கச் சொல்லுங்கள். ஒரு வழியில் மட்டும் ஓடவிட்டால் ரிலே சரியான அளவில் வேலை செய்யாது.

உங்கள் ஊரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தோட்டத்து மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுப் பழகிய எலக்ட்ரீஷியன், உங்களுக்கும் நல்லது செய்வதாக நினைத்து அதையே மாட்டிவிடலாம். கரண்ட் வந்ததும் தானே கிளம்புவதுதான் அதன் வேலையே. கிணற்று மோட்டாருக்கு அது வசதி, டேபிள் சாவில் அது கொலைக் கருவி. கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஸ்டார்ட்டரை எட்டாத சுவரில் மாட்டாதீர்கள். சிவப்புப் பட்டனைத் தனியாக, காளான் மாதிரித் தலை பெருத்த வகையில் வாங்கி, மெஷினின் முன்பக்கத்தில் தொடையால் தட்டி நிறுத்தும் உயரத்தில் வையுங்கள். இரண்டு கையும் பலகையில் இருக்கும் நேரத்தில்தான் நிறுத்த வேண்டிய அவசரம் வரும்.

15 ஆம்பியர் பிளக் பற்றி. இப்போது அதையே 16 ஆம்பியர் என்று விற்கிறார்கள். 2 எச்.பி.யின் 11 ஆம்பியருக்கு நல்ல தரத்தில் ஒன்று தாக்குப்பிடிக்கும். ஆனால் மெஷின் ஓரிடத்தில் நிலையாக நிற்கப்போகிறதென்றால் பிளக்கே வேண்டாம், ஐசொலேட்டரிலிருந்து நேராக ஸ்டார்ட்டருக்கு வயரைக் கொண்டுபோங்கள். தள்ளித் தள்ளி வைத்து வேலை செய்வீர்கள் என்றால் 20 ஆம்பியர் மெட்டல் கிளாட் (உலோக உறை போட்ட) பிளக் சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மட்டும் ஒருபோதும் செருகாதீர்கள். வீட்டு இன்வெர்ட்டர் லைனிலும் இதைச் சேர்க்கக் கூடாது.

மரத்தூளைப் பற்றியும் நினைக்க வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் போர்டின் இடுக்குகளில் மெல்லிய தூள் போய் அடையும். திருகு சற்றுத் தளர்ந்து சூடானால் அந்தத் தூள்தான் முதலில் கருகும். ரப்பர் பீடிங் வைத்த மூடியுள்ள, தூள் புகாமல் காக்கும் ஐ.பி.55 வகைப் பெட்டி வாங்குங்கள். முதல் இரண்டு மூன்று மாதம் ஓட்டிய பிறகு, மெயினை அணைத்துவிட்டு எல்லாத் திருகுகளையும் ஒரு முறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

த்ரீ பேஸ் விஷயத்துக்கு வருகிறேன். 2 எச்.பி.க்குத் தேவையில்லை, 3 எச்.பி. வரை சிங்கிள் பேஸிலேயே சமாளிக்கலாம். ஆனால் கோயம்புத்தூரில் பட்டறைகள் கழிக்கும் நல்ல வார்ப்பிரும்பு மெஷின்கள் த்ரீ பேஸ் மோட்டாரோடுதான் வரும். அப்படி ஒன்று மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள். 230 வோல்ட் சிங்கிள் பேஸ் வாங்கி த்ரீ பேஸாகக் கொடுக்கும் வி.எஃப்.டி. டிரைவ் இருக்கிறது. கவனிக்க வேண்டியது, அது கொடுப்பது 230 வோல்ட் த்ரீ பேஸ், 415 அல்ல. சின்ன மோட்டார்கள் பெரும்பாலும் 415-க்கு ஸ்டாரில் (மூன்று வைண்டிங்கின் ஒரு பக்க நுனிகளை ஒன்றாக முடிந்து) கட்டியிருக்கும். ஸ்டாரில் ஒவ்வொரு வைண்டிங்குக்கும் கிடைப்பது 240 வோல்ட்தான். ஆகவே அதே மோட்டாரை டெல்டாவாக (மூன்று வைண்டிங்கையும் முக்கோணமாக இணைத்து) மாற்றினால் 230-க்குச் சரியாகப் பொருந்தும். டெர்மினல் பாக்ஸில் ஆறு நுனி இருந்தால் பட்டைகளை மாற்றிப் போடுவதோடு வேலை முடிந்தது. மூன்றுதான் இருந்தால் ஸ்டார் முடிச்சு உள்ளே இருக்கும், வைண்டிங் கடையில் கொடுத்து ஆறு நுனியையும் வெளியே எடுக்கச் சொல்லலாம்.

டிரைவ் மோட்டாரை மெல்ல மெல்ல வேகம் ஏற்றுவதால் கிளம்பும்போதான 60 ஆம்பியர் பிரச்சினையே இருக்காது. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஸ்விட்சோ கான்டாக்டரோ வைக்காதீர்கள், பட்டன்களை டிரைவின் கன்ட்ரோல் முனைகளில்தான் இணைக்க வேண்டும். கரண்ட் வந்ததும் தானே கிளம்பும் செட்டிங் அதிலும் இருக்கும், அணைத்துவையுங்கள். டிரைவ் இருக்கும் லைனுக்குச் சாதாரண ஏசி டைப் ஆர்.சி.சி.பி. பொருந்தாது, மேனுவலில் சொல்லியிருக்கும் டைப்பை வாங்குங்கள்.

ஈ.பி. அட்டையில் உங்கள் சாங்ஷன் லோடு (வீட்டுக்கு அனுமதித்த மின் அளவு) எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். ஏ.சி., ஹீட்டர், இந்த மெஷின் எல்லாம் சேர்ந்து தாண்டினால் கூடுதல் லோடுக்கு எழுதிக்கொடுத்துவிடுவது நல்லது. செய்த சாமானை விற்கத் தொடங்கினால் வீட்டு இணைப்பில் ஓட்டக் கூடாது, அதற்குக் கட்டண வகை வேறு. வயரிங் வேலையை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனே செய்யட்டும். மேலே சொன்னவை நீங்கள் பக்கத்தில் நின்று கேட்டுச் செய்ய வைப்பதற்கு.

வேலை முடிந்ததும் மெஷினைப் போடுவதற்கு முன் 500 வோல்ட் மெக்கரில் (மேலுறையின் தடையை அளக்கும் கருவியில்) லைனையும் மோட்டாரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தால் கரண்ட் கொடுக்க வேண்டாம். அப்புறம் ஆர்.சி.பி.ஓ.வின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். மெஷின் ஓடும்போது ஷெட்டின் மெயினை அணைத்துப் போடுங்கள், தானாகக் கிளம்பக் கூடாது. கடைசியாக கிளாம்ப் மீட்டரை பேஸ் வயரில் மாட்டி, சும்மா ஓடும்போதும் தடித்த பலகை அறுக்கும்போதும் எவ்வளவு ஆம்பியர் என்று குறித்துக்கொள்ளுங்கள். ரிலேயை மோட்டார் பிளேட்டில் எழுதியிருக்கும் ஆம்பியருக்கு வையுங்கள், அதற்கு மேலே ஏற்ற வேண்டாம். அறுக்கும்போது தொடர்ந்து அதைத் தாண்டினால் பிளேடு மழுங்கியிருக்கும், அல்லது பலகையை அவசரமாகத் தள்ளுகிறீர்கள். வயரிங்கில் போய்த் தேட வேண்டியதில்லை.